பெற்றோர் ஆவதற்கு முன்...

நிக்காஹ் முடிந்து மூன்று மாதங்கள்கூட ஆகியிராது. அதற்குள் "விசேஷம் ஏதும் உண்டா?" என்னும் கேள்வி புதுமணப் பெண்ணைச் சுற்றி வரத் தொடங்கிவிடுகிறது. கல்யாண வீட்டிலும், கத்தம் ஓதும் வீட்டிலும், பெருநாள் சந்திப்பிலும் அதே கேள்விதான். ஆண்டொன்று கடந்தால் கேள்வி பெருமூச்சாகிறது. ஈராண்டு கடந்தால் பெருமூச்சு ஏச்சாகிறது.

ஆனால், அன்பு நேயர்களே! வேறொரு கேள்வியும் இருக்கிறது. அதனை நம்மில் எவரும் கேட்பதில்லை. "நீங்கள் இருவரும் இதுகுறித்து அமர்ந்து பேசினீர்களா? பெற்றோர் ஆவதற்கு உங்கள் உடலும் உள்ளமும் இல்லமும் ஆயத்தமாக உள்ளனவா? எந்த நிய்யத்தோடு பிள்ளையை வேண்டுகிறீர்கள்? தள்ளிப் போடுவதாயின், எந்த நிய்யத்தோடு தள்ளிப் போடுகிறீர்கள்?"

ஒரு மனை வாங்குவதென்றால் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம். கடை வைப்பதென்றால் கூட்டாளியுடன் இரவு பகலாகக் கலந்து பேசுகிறோம். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுமுன் இஸ்திகாரா தொழுகிறோம். ஆனால், ஓர் உயிரை இவ்வுலகிற்கு அழைத்து வரும் பெருஞ்செயல் மட்டும் பேச்சின்றியே நடந்துவிட வேண்டும் என எண்ணுகிறோம். பேசுவது நாணக்கேடு என்பார் சிலர். பேசுவதே தவக்குல் குறைவு என்பார் வேறு சிலர்.

நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோழர்கள் இதனை மறைவின்றிக் கேட்டார்கள். இமாம்கள் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் சிந்தித்த முறையைத் தெரிந்துகொண்டால், இன்று நாம் எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

அருட்கொடையும் சோதனையும்

மக்கட்செல்வத்தைத் திருமறை இவ்வுலக வாழ்வின் அலங்காரம் என்கிறது (18:46). அதே திருமறை அச்செல்வத்தைச் சோதனை என்றும் எச்சரிக்கிறது (64:15). இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை மறந்துவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

நபிமார்களின் துஆக்களைக் கவனியுங்கள். தள்ளாத வயதில் கையேந்திய நபி ஸகரிய்யா (அலை) அவர்கள், பிள்ளை கிடைத்தால் போதும் என்று கேட்கவில்லை. தூய சந்ததியை வேண்டினார்கள் (3:38). நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் நல்லோரில் ஒருவரை வேண்டினார்கள் (37:100). அவர்களது வேண்டுதலுக்குள்ளேயே ஒரு நோக்கம் இருந்தது. ஊராரின் வாயை மூடவோ, சொத்துக்கு ஆள் தேடவோ அவர்கள் பிள்ளை வேண்டவில்லை.

தோழர்களிடையே எழுந்த வினா

நபித்தோழர்களின் காலத்தில் இன்றைய மாத்திரையோ, ஊசியோ, காப்பர் டீயோ கிடையாது. கரு உருவாகாதவாறு கணவன் விலகிக்கொள்ளும் முறை இருந்தது. அதற்கு 'அஸ்ல்' என்று பெயர். குர்ஆன் இறங்கிக் கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அவ்வாறு செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். அச்செய்தி அண்ணலாரை எட்டியும் அவர்கள் தடுக்கவில்லை என்ற விளக்கம் முஸ்லிமில் இடம்பெறுகிறது.

ஜுதாமா (ரலி) அவர்கள் வழியாக வரும் அறிவிப்போ அச்செயலை மறைமுகமாக உயிருடன் புதைத்தலோடு ஒப்பிடுகிறது. இதுவும் முஸ்லிமில் உள்ளதே. அவ்வாறு ஒப்பிடுவதை மறுக்கும் அறிவிப்பு அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வருகிறது. அன்பும் மகப்பேறும் மிக்க பெண்ணை மணக்கத் தூண்டும் நபிமொழியும் அந்நூலிலேயே உண்டு.

ஆகவே, மார்க்க அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. அறவே கூடாது என்றோர் உளர். நிபந்தனையின்றி ஆகும் என்றோரும் உளர். மனைவியின் இசைவிருந்தால் ஆகும் என்றோர் பலர். கருத்து வேறுபட்ட போதிலும், கேள்வி கேட்டவரை "உனக்கு ஈமான் குறைவு" என்று ஒருவரும் விரட்டவில்லை.

இமாம் கஸ்ஸாலியின் தராசு

இவ்வினாவைத் தராசில் இட்டு நிறுத்தவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058 இல் தூஸ் நகரில் பிறந்து, பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் ஆசிரியராக விளங்கி, 1111 இல் பிறந்த ஊரிலேயே மறைந்த பேரறிஞர். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என நம்மவர் பலரும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர். தமது 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், திருமணத்தின் ஒழுங்குகளைப் பேசும் பகுதியில் அஸ்ல் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

முதலில் அவர் ஒரு கோடு கிழிக்கிறார். உருவான கருவை அழிப்பது வேறு, கரு உருவாகாமல் தவிர்ப்பது வேறு. முன்னது, இருக்கும் ஒன்றுக்கு இழைக்கும் குற்றம். கரு வளர வளர அக்குற்றமும் வளர்கிறது. பின்னதில் குற்றத்திற்கு உள்ளாவதற்கு எவரும் இல்லை. இதற்கு அவர் வியாபார ஒப்பந்தத்தை உவமை காட்டுகிறார். ஒருவர் விற்க முன்வருகிறார், மற்றவர் ஏற்கிறார். இரண்டும் கூடினால்தான் ஒப்பந்தம். ஏற்குமுன் சொன்னவர் பின்வாங்கினால் ஒப்பந்தத்தை முறித்தவர் ஆகமாட்டார். ஈஜாபும் கபூலும் கூடியே நிக்காஹ் நிறைவேறுவதை அறிந்த நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

அப்படியாயின் பிள்ளை பெறாதிருத்தல் நல்லதா? அவ்வாறும் அவர் சொல்லவில்லை. மேலானதை விட்டுவிட்டார் என்றே சொல்கிறார். பள்ளிவாசலில் அமர்ந்தவர் திக்ரும் தொழுகையும் இன்றி வாளா இருப்பதையும், மக்காவில் குடியிருப்பவர் ஆண்டுதோறும் ஹஜ்ஜு செய்யாதிருப்பதையும் உதாரணம் காட்டுகிறார். சிறப்பொன்றை இழந்தார், ஹராமைச் செய்துவிடவில்லை. இதுவே அவரது முடிவு.

அடுத்து அவர் செய்வதுதான் நமக்கு மிக இன்றியமையாதது. செயலை விட்டுவிட்டு, செயலுக்குப் பின்னுள்ள நிய்யத்தை ஆராய்கிறார். ஐந்து நோக்கங்களை எண்ணுகிறார்.

முதலாவது அக்கால அடிமை முறையைச் சார்ந்தது. அம்முறையே இன்றில்லை.

இரண்டாவது, மனைவியின் எழிலையும் நலத்தையும் பேணுவதும், பிரசவ ஆபத்திலிருந்து அவள் உயிரைக் காப்பதும். இது தடுக்கப்பட்டதன்று என்கிறார்.

மூன்றாவது, பிள்ளைகள் மிகுவதால் நேரும் கடும் சிரமத்திற்கும், அதனால் தீய வழியில் பொருள் தேட நேருமோ என்பதற்கும் அஞ்சுதல். இறைவன் மீது பொறுப்புச் சாட்டுவதே உயர்ந்த நிலை எனினும், இவ்வச்சமும் தடுக்கப்பட்டதன்று என்கிறார்.

நான்காவது, பெண் பிள்ளை பிறந்துவிடுமோ என்னும் அச்சம். இது கெட்ட நிய்யத், பாவம் என்கிறார்.

ஐந்தாவது, பேறுகாலத் தீட்டையும் பாலூட்டலையும் அருவருத்து, தூய்மை என்ற பெயரில் வரம்பு மீறிப் பிள்ளையை வெறுத்தல். இதுவும் கெட்டதே. ஆயினும், கெட்டது அந்நோக்கமேயன்றி மகப்பேற்றைத் தவிர்த்தல் அன்று எனத் தெளிவுபடுத்துகிறார்.

எண்ணிப் பாருங்கள்! செயல் ஒன்றே. நிய்யத் மாறும்போது தீர்ப்பும் மாறுகிறது. ஐந்து பிள்ளைகளைப் பெற்றவரும் தவறான நோக்கத்தோடு பெற்றிருக்கலாம். ஒன்றும் பெறாதவரும் நேரிய நோக்கத்தோடு இருக்கலாம். வெளியே நின்று எண்ணிக்கை பார்க்கும் நமக்கு அது எவ்வாறு தெரியும்?

உம்மாவின் உயிர்

இரண்டாவது நோக்கத்தை இன்றைய மருத்துவம் மேலும் விளக்கமாக்கியுள்ளது. கருவுற்ற பெண்ணின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு வழக்கத்தைவிட ஏறத்தாழப் பாதியளவு கூடுகிறது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போன பெண்ணுக்கு அந்தக் கூடுதல் சுமை உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டுப்படாத இரத்த அழுத்தமும், முன்னைய அறுவைப் பிரசவங்களும் ஆபத்தைப் பெருக்கக்கூடியவை.

2018-20 ஆண்டுகளின் அரசுக் கணக்கின்படி, ஓர் இலட்சம் பிறப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 54 தாய்மார்களும் இந்தியா முழுவதிலும் சராசரியாக 97 தாய்மார்களும் உயிரிழந்தனர். முன்னைய நிலையோடு ஒப்பிட இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் அந்த 54 பேரும் ஒவ்வோர் இல்லத்தின் ஒளிவிளக்குகள் அல்லவா? "இன்னொன்று வேண்டாம்" என மருத்துவர் கூறியிருக்க, "ஆண் வாரிசு இல்லையே" என்று வற்புறுத்தும் மாமியாரும், வாய் திறவாத கணவனும் எந்த நிய்யத்தின் பேரில் அவளை அனுப்புகிறார்கள்? தம்மைத் தாமே அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்று திருமறை தடுக்கிறதே (2:195)!

ஆண் பிள்ளைக்காக மீண்டும் மீண்டும் முயல்வதும், ஸ்கேனில் பெண் என்றறிந்து கலைக்கத் துணிவதும் இமாம் கண்டித்த நான்காவது நோக்கத்தின் இன்றைய வடிவங்கள். கருவின் பாலினம் அறிந்து கூறுவதை நாட்டின் 1994 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, உயிருடன் புதைக்கப்பட்ட பெண் மகவு 'எக்குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாய்' என வினவப்படும் நாளைத் திருமறை நினைவூட்டிவிட்டது (81:8,9). இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமக்குப் பின் விட்டுச் சென்றதும் பெண் மக்களை மட்டுமே என்று வரலாறு கூறுகிறது.

வறுமைக்கு அஞ்சலாமா?

"பிறக்கும் பிள்ளை தன் ரிஸ்கோடு பிறக்கிறது" என்பர் நம் பெரியோர். உணவளிப்பவன் அல்லாஹ்வே என்பதில் ஐயமில்லை. வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர் எனத் திருமறை இரு இடங்களில் தடுக்கிறது (6:151, 17:31). அத்தடை, பிறந்த பிள்ளையைக் கொல்வது பற்றியது. மௌலானா மௌதூதி போன்றோர் அதன் கருத்தை விரித்து, வறுமையச்சத்தால் பிள்ளைப் பேற்றைத் தடுப்பதை வன்மையாக எதிர்த்து நூலே எழுதினர். அவர்களது கவலையும் புறக்கணிக்கத் தக்கதன்று. பணமே பெரிதென எண்ணி, பிள்ளையைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கும் மனநிலை பெருகிவருவது உண்மையே.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. தம் பொறுப்பில் உள்ளோரைப் பராமரிக்காது வீணாக விடுவதே ஒருவருக்குப் போதுமான பாவம் என்று அண்ணலார் எச்சரித்துள்ளார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது மேல் என்று ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். பிள்ளைக்குரிய உரிமை சோறும் துணியும் மட்டுமன்று. கல்வி வேண்டும், மார்க்க ஒழுக்கம் வேண்டும், வாப்பாவின் நேரமும் வேண்டும். கடனை அடைத்துவிட்டு, வீட்டில் அமைதி உண்டாக்கிவிட்டுப் பிள்ளை பெறலாம் என இருவர் எண்ணினால் அது தவக்குலுக்கு முரண் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுக என்ற நபிமொழியை நாம் மற்ற காரியங்களில் மறப்பதில்லையே!

இருவரின் இசைவு

பால்குடி மறக்கச் செய்வது சிறிய செயல். அதனைக்கூடத் தாயும் தந்தையும் மனமொப்பி, கலந்தாலோசித்துச் செய்யுமாறு திருமறை வழிகாட்டுகிறது (2:233). பால் மறக்கவே மஷூரா வேண்டுமெனில், பிள்ளையை வரவழைப்பதற்கு எவ்வளவு வேண்டும்?

ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் அறிஞர்கள் மனைவியின் இசைவின்றிக் கணவன் அஸ்ல் செய்வதை ஏற்கவில்லை. தாய்மை அவளுக்குரிய உரிமை என்பதே காரணம். உரிமை எனில், அது இருபுறமும் வெட்டும் வாள். அவள் விரும்பும் பிள்ளையை அவன் தன்னிச்சையாக மறுப்பதும் முறையன்று. அவள் உடல் தாங்காதபோது அவன் வற்புறுத்துவதும் முறையன்று. கணவனுக்குத் தெரியாமல் மாத்திரை விழுங்குவதும் அமானிதத்திற்கு ஊறே. பிள்ளையே வேண்டாம் என்னும் உறுதியுள்ளவர் ஆணாயினும் பெண்ணாயினும், அதனை நிக்காஹுக்கு முன்னரே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக் கனவோடு வரும் துணையைப் பின்னர் ஏமாற்றுவது வஞ்சனையாகும்.

நம்மவர் இல்லங்களில் இதற்கு இடையூறாக நிற்பது காலக்குறைவு. கணவன் சவூதியிலோ துபாயிலோ இருப்பான். ஆண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை விடுப்பில் வருவான். அந்தச் சில வாரங்களுக்குள் விருந்தும் உண்டு, வீட்டுப் பராமரிப்பும் உண்டு, உறவினர் வற்புறுத்தலும் உண்டு. பேச நேரம் இராது. விடுப்பு முடிந்து விமானம் ஏறிய பின், சுமக்கவும் வளர்க்கவும் அவள் ஒருத்தியே. அந்நாள்களில் ஓர் இரவையாவது இந்தப் பேச்சுக்கென ஒதுக்கக் கூடாதா? அவன் இல்லாத மாதங்களில் அவளுக்குத் துணை யார், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்பவர் யார், அவன் நிரந்தரமாகத் திரும்புவது எப்போது என்பனவெல்லாம் பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்விகள் அல்லவா?

முன்பே அறியத் தக்கவை

மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் மணமுடிப்பது நம்மிடையே பரவலானது. மார்க்கம் அதனைத் தடுக்கவில்லை. ஆயினும், பரம்பரை நோயின் கூறு இருவரிடமும் மறைந்திருக்கும் வாய்ப்பு உறவுத் திருமணத்தில் கூடுகிறது. 'தலசீமியா' என்னும் இரத்த நோயை உதாரணமாகக் கொள்ளுங்கள். அதன் கூறு ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். தம்பதியர் இருவரிடமும் இருந்தாலோ, ஒவ்வொரு கருவிலும் பிள்ளை கடும் நோயோடு பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. அப்பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஏற்றும் இரத்தத்தால் உடலில் சேரும் இரும்புச் சத்தை அகற்ற மருந்தும் தேவைப்படும்.

இதனை எளிய இரத்தப் பரிசோதனையால் திருமணத்திற்கு முன்பே அறியலாம். ஈரான் நாடு 1997 முதல் திருமணத்திற்கு முன் இப்பரிசோதனையை நாடெங்கும் நடைமுறைப்படுத்தியது. ஜாதகம் பார்ப்பதைக் கண்டிக்கும் நாம், இரத்தம் பார்ப்பதற்குத் தயங்குவானேன்? இருவரிடமும் அக்கூறு இருப்பதை மணமான பின் அறிந்த தம்பதியர் பிள்ளை வேண்டாம் என முடிவு செய்தால், அது கல்நெஞ்சம் அன்று, பிள்ளையின்பால் கொண்ட இரக்கமே. மருத்துவ ஆலோசனையுடன் பெற்றுக்கொள்ளத் துணிந்தால் அதுவும் அவர்களது முடிவே. அறிந்து முடிவு செய்வதற்கும், அறியாமல் அகப்பட்டுக் கொள்வதற்கும் வேறுபாடு உண்டு.

அரசுக்கும் ஊருக்கும் என்ன உரிமை?

நெருக்கடி நிலைக் காலத்தை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1976-77 ஆம் ஓராண்டில் மட்டும் நாட்டில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தைக் காவலர்கள் சூழ்ந்து ஆண்களைப் பிடித்துச் சென்ற கொடுமையும் 1976 இல் நடந்ததே. ஈரானில் 1989 இல் குறைவாகப் பெறுமாறு ஊக்குவித்த அரசு, 2021 இல் அதிகம் பெற வேண்டுமெனச் சட்டமே இயற்றியது. 2025 இல் தொகுதி மறுவரையறைப் பேச்சு எழுந்தபோது, விரைந்து பிள்ளை பெறுங்கள் என்ற அறிவுரை நம் மாநில அரசியல் மேடையிலும் ஒலித்தது. ஆட்சியாளர்களின் கணக்கு காலத்திற்கேற்ப மாறும். பிள்ளையைச் சுமப்பவளின் முதுகெலும்பு மாறுவதில்லை.

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதுகுறித்து முடிவொன்றை வெளியிட்டது. பிள்ளை பெறும் தம்பதியரின் உரிமையைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் இயற்றலாகாது என்றது. தக்க மருத்துவக் காரணமின்றி நிரந்தரக் கருத்தடை செய்வதைத் தடுத்தது. மார்க்கம் ஏற்கும் தேவை இருப்பின், கணவனும் மனைவியும் கலந்தாலோசித்து மனமொப்பி, தீங்கற்ற வழியில் தற்காலிகமாக இடைவெளி விடுவது ஆகும் என்றது. முடிவின் கனம் முழுவதும் தம்பதியரின் தோளில் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறீர்களா?

உண்மையில் நம் இல்லங்கள் இம்முடிவை ஏற்கெனவே எடுத்து வருகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய முஸ்லிம் பெண் ஒருத்திக்குச் சராசரியாக 1992-93 இல் 4.41 பிள்ளைகள் என்றிருந்த கணக்கு, 2019-21 இல் 2.36 ஆகக் குறைந்துள்ளது. "நம்மவர் பெருகுகிறார்கள்" எனப் பழிப்போருக்கும், "குறையலாமா" என வருந்துவோருக்கும் இக்கணக்கு ஒரு செய்தி. நமக்கோ வேறொரு செய்தி. முடிவு எடுக்கிறோம், ஆனால் வாய்விட்டுப் பேசி, நிய்யத்தைத் தூய்மையாக்கி எடுக்கிறோமா?

பிள்ளையிடம் கேட்க முடியுமா?

சிரியாவின் மஅர்ரா நகரில் அபுல் அலா அல்மஅர்ரி என்றோர் அரபுப் புலவர் வாழ்ந்தார். சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். இவ்வுலகம் துயரம் நிறைந்தது, இதற்குள் ஓர் உயிரை அழைத்து வருவது அவ்வுயிருக்குச் செய்யும் தீங்கு என்று கருதி, மணமும் மகவும் இன்றியே வாழ்ந்து 1057 இல் மறைந்தார். அவர் மறைந்த மறு ஆண்டில் பிறந்தவரே இமாம் கஸ்ஸாலி.

புலவரின் முடிவை நாம் ஏற்பதற்கில்லை. துன்பம் உண்டு என்பதால் வாழ்வே தீமை ஆகிவிடாது. வாழ்வு இறைவனின் கொடை. ஆயினும் அவர் எழுப்பிய வினாவில் ஒரு நெருப்புப் பொறி இருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளையிடம் "வரலாமா?" என்று நாம் கேட்க முடியாது. அதன் சார்பில் நாமே முடிவு செய்கிறோம். பிறர் சார்பில் முடிவு செய்பவரை வக்கீல் என்றும் வலீ என்றும் மார்க்கம் அழைக்கிறது. அத்தகையோர் தம் நலத்தை நோக்கலாகாது, எவருக்காக முடிவு செய்கிறாரோ அவர் நலத்தையே நோக்க வேண்டும். எனவே, முதுமையில் தாங்குவதற்கு ஓர் ஊன்றுகோல், முறிந்துபோன இல்லறத்தை ஒட்டவைக்க ஒரு பசை, ஊராரின் கேள்விக்கு ஒரு விடை எனப் பிள்ளையை வேண்டுவது அமானிதத்தின் இலக்கணம் ஆகாது. அந்தப் பிள்ளைக்காகவே அந்தப் பிள்ளையை வேண்ட வேண்டும்.

மடி நிறையாதோர்

முடிவு நம் கையில் மட்டும் இருப்பதன்று என்பதையும் மறக்கலாகாது. தான் நாடியோருக்குப் பெண் மக்களையும், நாடியோருக்கு ஆண் மக்களையும் அளிக்கும் இறைவன், தான் நாடியோரை மகப்பேறு அற்றவராகவும் ஆக்குகிறான் (42:49,50). உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதேனும் குழந்தையின்மையைச் சந்திப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. காரணம் ஆணிடமும் இருக்கலாம், பெண்ணிடமும் இருக்கலாம். பழி மட்டும் பெண்ணுக்கே போய்ச் சேர்கிறது!

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என அழைக்கப்பட்டார்கள். இறைநம்பிக்கையாளர் அனைவருக்கும் அன்னை என்ற சிறப்பை அவர்கள் பெற்றார்கள். ரியாளுஸ் ஸாலிஹீன் தந்த இமாம் நவவி (ரஹ்) மணமே செய்யாமல் கல்விப் பணியில் மறைந்தவர். பிள்ளை இல்லாத வாழ்வு வீண் வாழ்வு என்று சொல்ல இனியும் நமக்கு நா எழுமா?

தாய்மை உள்ளம் பொங்குவோருக்கு அநாதைகளின் வாசல் திறந்தே இருக்கிறது. அநாதையைப் பொறுப்பேற்றவரும் தாமும் சுவனத்தில் இரு விரல்கள் போல் நெருங்கியிருப்போம் என அண்ணலார் நன்மாராயம் கூறியுள்ளார்கள். வளர்க்கும் பிள்ளையை அதன் தந்தையின் பெயரோடே அழைக்க வேண்டும் என்பதே திருமறை விதிக்கும் ஒழுங்கு (33:5). அன்பு செலுத்துவதற்கு அது தடையன்று.

இன்றிரவு பேசுங்கள்

மணமான இளையோரே! இன்று இஷாவுக்குப் பின் சற்று அமருங்கள். ஒருவரையொருவர் கேளுங்கள். நம் இருவருக்கும் இதில் மெய்யாகவே இசைவு உண்டா? அவள் உடல்நிலை பற்றி மருத்துவர் என்ன சொல்கிறார்? வரும் பிள்ளை ஆணோ, பெண்ணோ, குறையுள்ளதோ, எதுவாயினும் அதே முகமலர்ச்சியோடு ஏந்துவோமா? அதற்குத் தருவதற்கு ஹலாலான உணவும், நம் நேரமும் நம்மிடம் உண்டா? இப்போது வேண்டாம் என்றால், அந்த வேண்டாமைக்குப் பின்னுள்ள காரணத்தை அல்லாஹ்வின் முன் கூசாமல் சொல்ல முடியுமா? மார்க்கச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் நம்பிக்கைக்குரிய ஆலிமை நாடுங்கள்.

மூத்தோரே! மாமியாரே, மாமனாரே! பேரப்பிள்ளையைக் கொஞ்சும் ஆசை இயல்பானது. அதற்காக துஆச் செய்யுங்கள், தடையில்லை. வற்புறுத்தலை மட்டும் விட்டுவிடுங்கள். மருமகளைப் பார்க்கும்போது அவள் மடியைப் பாராமல் முகத்தைப் பாருங்கள்.

வரவேற்க ஆயத்தமான இல்லத்தில், மனமொப்பிய இருவரின் கரங்களில் வந்து சேரும் பிள்ளையே கண்குளிர்ச்சி. அத்தகைய கண்குளிர்ச்சியை வேண்டுவோருக்கு வல்ல நாயன் அதனை வழங்குவானாக! வழங்கப்படாதோருக்கு மன அமைதியையும், முடிவெடுக்க நிற்போருக்குத் தெளிந்த சிந்தனையையும் தூய நிய்யத்தையும் அருள்வானாக! ஆமீன்.